பேரை மறைச்சுட்டா படைப்பு நிக்குமா?

கேள்வி: பெரிய பேர் இருந்தா குப்பையையும் ஆஹா ஓஹோங்கறாங்க, பேர் தெரியாத ஆள் நல்லா எழுதினாலும் திரும்பிப் பாக்கறதில்ல. அப்போ 'மகத்தான படைப்பு'ங்கறதெல்லாம் வெறும் பில்டப்தானா சார்?

பதில்: பில்டப்புக்கு பெரிய பங்கு இருக்கு, இல்லேங்கல. ஆனா அதோட முடிச்சுட முடியாது. எர்ன் மாலி கதைய கேளுங்க. 1943ல ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் மெக்காலே, ஹரோல்ட் ஸ்டூவர்ட்னு ராணுவத்துல இருந்த ரெண்டு கவிஞர்கள், நவீன கவிதைன்னாலே அவங்களுக்கு கடுப்பு, ஒருநாள் உக்காந்து டிக்‌ஷனரி, ஷேக்ஸ்பியர், கொசு ஒழிப்புக்கு தண்ணிய வடிக்கறது பத்தின ஒரு ரிப்போர்ட்னு கைக்கு கெடச்சதுலேந்தெல்லாம் வரிகள உருவி கோத்து 16 கவிதை ரெடி பண்ணிட்டாங்க. எழுதினவன் எர்ன் மாலின்னு, 25 வயசுல செத்துப்போன ஒரு மெக்கானிக்காம், அப்படி ஒரு ஆளே கெடையாது. அவனோட அக்கா எத்தல் எழுதின மாதிரி ஒரு லெட்டரும் வச்சு மேக்ஸ் ஹாரிஸ்ங்கற இளம் எடிட்டருக்கு அனுப்ப, அவர் சொக்கிப்போய் 1944ல தன் பத்திரிகையில சிறப்பிதழே போட்டுட்டார். கொஞ்ச நாள்ல குட்டு வெளிப்பட்டு ஊரே சிரிச்சுது. அதுவும் பத்தாதுன்னு ஆபாசம்னு ஹாரிஸ் மேல கேஸ் வேற, அஞ்சு பவுண்டு ஃபைன். கவிதையில வந்த 'இன்செஸ்சுவஸ்'ங்கற (ரத்த சொந்தத்துக்குள்ள தகாத உறவ சொல்ற) வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்கு தெரியாது, ஆனா அசிங்கமா ஏதோ இருக்கற மாதிரி தோணுதுன்னு கோர்ட்லயே சாட்சி சொன்னார் ஒரு டிடெக்டிவ், விமர்சனத்துக்கு இதுவும் ஒரு தினுசு!

அந்த கவிதைகள் அதோட செத்துடல, அதான் விஷயம். ஹாரிஸ் கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்கல, 1950கள்ல நடத்தின பத்திரிகைக்கே எர்ன் மாலி பேர வச்சார். 1991ல ஒரு பெரிய ஆஸ்திரேலிய கவிதைத் தொகுப்புல மொத்த மாலியும் இடம் பிடிச்சிருச்சு. என்னைக் கேட்டா, செத்துப்போன தம்பி, அழுகிற அக்காங்கற கதைதான் எடிட்டர மொதல்ல இழுத்திருக்கும், ஆனா கதை பொய்னு தெரிஞ்ச பிறகும் படிக்கறாங்கன்னா வரிகள்ல ஏதோ இருக்கணும். கிண்டலுக்கு எழுதினாலும் எழுதினவங்க ரெண்டு பேரும் கவிஞர்கள், காது பழகின கை சும்மா இருக்குமா?

உங்க கேள்வியோட இன்னொரு பாதிக்கு டோரிஸ் லெஸ்ஸிங்ங்கற பேர்பெற்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் சாட்சி. ஜேன் சோமர்ஸ்னு புனைபேர்ல ஒரு நாவல் அனுப்பினாங்க, அவங்களோட சொந்த பிரிட்டிஷ் பப்ளிஷரே வேண்டாம்னுட்டாங்க. வேற இடத்துல 1983ல வந்துச்சு, பெருசா யாரும் கண்டுக்கல. மறு வருஷம் உண்மைய சொன்னதும் அதே நாவல் லெஸ்ஸிங் பேர்ல திரும்ப வந்துச்சு, அப்பதான் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. இதுல பில்டப்னு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு.