பல் டாக்டர் என்றாலே வாயை மூடிக்கொள்ளும் 5 வயதுப் பையன், 15 வருஷமாகப் போகாத மாமியார்: எப்படிக் கூட்டிப்போவது?

கேள்வி: யாங்கோனில் இருக்கிறோம். பையனுக்கு 5 வயது. கீழ்க் கடைவாயில் இரண்டு பற்களில் கறுப்பு தெரிகிறது, வலி என்று சொல்வதில்லை. போன மாதம் கிளினிக் நாற்காலியைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொண்டான், திரும்பி வந்துவிட்டோம். மாமியாருக்கு 63. வெற்றிலை போடுவார், ஒரு பல் ஆடுகிறது. ஊசி என்றாலே மயக்கம் வருகிறது என்று 15 வருஷமாகப் போகவில்லை. இவர்களை எப்படிக் கூட்டிப்போவது? அதுவரை வீட்டில் என்ன செய்வது?

பதில்:

இரண்டு பேருடைய சிக்கலுக்கும் முடிச்சு ஒரே இடத்தில் இருக்கிறது. பயத்தில் தள்ளிப்போடுகிறோம். கன்னம் வீங்கி, ராத்தூக்கம் போன பிறகுதான் கிளினிக் படி ஏறுகிறோம். சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்திருக்கும். அங்கே மரப்பு ஊசி மருந்து நரம்புக்குள் சரியாக இறங்காது. பாதி மரத்து, பாதி வலிக்கும். "நான் பயந்தது சரிதான்" என்று மனசில் பதிந்துவிடும், அடுத்த தடவை இன்னும் தள்ளிப்போகும். ஆகவே வலியே இல்லாத ஒரு நாளில், எந்தச் சிகிச்சையும் செய்யாமல், பார்த்துவிட்டு மட்டும் வரும் ஒரு தடவை இரண்டு பேருக்குமே தேவை. நேரம் கேட்கும்போதே "இன்றைக்குப் பல்லை எண்ணிப் பார்த்தால் போதும்" என்று டாக்டரிடம் சொல்லிவையுங்கள். தனி கிளினிக்கில் அவசரம் காட்டினால், யாங்கோன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். இப்போது விருப்பம் கேட்டுத் தாமதிக்க வேண்டாம், ஒரு வாரத்துக்குள் போங்கள். கறுப்பு ஏற்கெனவே தெரிகிறது.

பையனுக்குக் காலை நேரம் வாங்குங்கள். மத்தியானம் தூக்கக் கலக்கத்தில் எந்தக் குழந்தையும் ஒத்துழைக்காது. போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் லேசாகச் சாப்பிடட்டும். வெறும் வயிறு அழவைக்கும், நிறைந்த வயிறு குமட்டவைக்கும்.

அடுத்தது வார்த்தை. இதில்தான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுகிறது. "வலிக்காதுடா கண்ணா" என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். குழந்தையின் காதில் விழுவது "வலி". டாக்டரும் அன்பாக "மனாபூ" என்பார், பர்மியத்தில் "வலிக்காது". அதன் நடுவிலும் வலியைக் குறிக்கும் "நா" உட்கார்ந்திருக்கிறது. தமிழிலும் பர்மியத்திலும் மறுப்புச் சொல்லுக்குள்ளேயே வலியும் சேர்ந்து வந்துவிடுகிறது. அதனால் அந்தச் சொல்லையே இரண்டு மொழியிலும் எடுத்துவிடுங்கள், டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்குப் பதில் நடக்கப்போவதைச் சொல்லுங்கள்: "நாற்காலி மேலே போகும். வாயில் தண்ணி தெளிக்கும். ஒரு குழாய் ஸ்ர்ர்னு தண்ணியை உறிஞ்சும்." ஊசி, புடுங்குறது, ரத்தம் இவற்றைப் பேச்சிலேயே கொண்டுவராதீர்கள். ஊசி போடுவார்களா என்று அவனே கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். "இன்றைக்கு எண்ணுறது மட்டும்தான், வேற ஏதாவது செய்யறதா இருந்தா டாக்டர் முதல்ல உங்கிட்ட சொல்லுவாங்க" என்று சொன்னால் போதும். "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று வீட்டில் யாராவது மிரட்டுவது உண்டு என்றால், அது இன்றோடு நிற்க வேண்டும். அழாமல் இருந்தால் சாக்லேட் என்று ஆசை காட்டுவதும் வேண்டாம். லஞ்சம் கொடுக்கும் அளவுக்கு அங்கே ஏதோ பயங்கரம் இருக்கிறது என்றுதான் குழந்தை புரிந்துகொள்ளும்.

போவதற்கு மூன்று நாலு நாள் முன்பிருந்து வீட்டில் விளையாடுங்கள். அவனைச் சாய்ந்த நாற்காலியில் உட்காரவைத்து, டார்ச் அடித்து, சின்ன ஸ்பூனின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுங்கள். டாக்டர் பர்மியத்தில்தான் எண்ணுவார், அதனால் தித், னித், தோன், லே, ங்ஙா என்றே எண்ணிப் பழக்குங்கள். பால்பல் மொத்தம் 20. பிறகு அவன் டாக்டராகி உங்கள் பல்லை எண்ணட்டும். கை தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்ற விதியையும் அப்போதே பழக்குங்கள்: அவன் கை தூக்கியதும் நீங்கள் ஸ்பூனை எடுத்துவிட வேண்டும், ஒவ்வொரு தடவையும். கிளினிக்கிலும் டாக்டர் இதே விதிக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். கை தூக்கியும் நிறுத்தாத ஒரே ஒரு தடவை போதும், அதுவரை கட்டிய நம்பிக்கை அத்தனையும் போய்விடும்.

நாற்காலியில் தனியாக உட்காரப் பயந்தால் நீங்கள் உட்கார்ந்து அவனை மேலே சாய்த்துக்கொள்ளலாம். குழந்தைப் பல் டாக்டர்கள் பின்பற்றும் முறை எளியது: முதலில் சொல்வது, பிறகு அந்தக் கருவியை விரல் நகத்தில் வைத்துக் காட்டுவது, கடைசியில்தான் வாயில் செய்வது. அவர் பேசும்போது நீங்கள் கூடவே பேசாதீர்கள். இரண்டு மொழியில் இரண்டு குரல் கேட்டால் குழந்தை யாரையும் கவனிக்காது.

இப்போது அந்தக் கறுப்பு. வலி இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கன்னத்தை விலக்கி, அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் மிளகு அளவு கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே சீழ் இருக்கிறது. சீழ் வெளியேற வழி கிடைத்ததால் வலி தெரியாமல் இருக்கிறது. கொப்புளமும் இல்லை, ராத்திரி வலியும் இல்லை என்றால் ஊசியும் இயந்திரமும் இல்லாமல் செய்யக்கூடிய வழிகள் இருக்கின்றன. இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்று, சில்வர் டயமைன் ப்ளூரைடு. 38 சதவீதக் கரைசல். பல்லைத் துடைத்துக் காயவைத்து, குட்டிப் பிரஷ்ஷால் ஒரு நிமிஷம் தடவுவார்கள். சொத்தையின் பரவலை நிறுத்தும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பத் தடவ வேண்டும். விலையும் குறைவு. ஆனால் சொத்தை விழுந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும், தோலில் பட்டால் சில நாள் கறை இருக்கும். கடைவாயில் பரவாயில்லை, முன்பல் என்றால் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடாது.

இன்னொன்று ஏஆர்டி. சொத்தையின் மிருதுவான பகுதியைக் கைக்கருவியால் மட்டும் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைப்பார்கள். 1980-களின் நடுவில் தான்சானியாவில் மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக உருவான முறை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். குழந்தையை அதிகம் மிரட்டும் அந்த 'கீ' சத்தம் இதில் இல்லை. பல்லின் மேல்பரப்பில் உள்ள ஒற்றைக் குழிக்கு நன்றாக நிற்கும். இரண்டு பல்லுக்கு இடையில் இருக்கும் சொத்தைக்கு இது அடிக்கடி உதிர்ந்துவிடும். அதற்கு ஸ்டீல் கேப் நல்லது. ஹால் முறை என்பார்கள். சொத்தையைத் தோண்டாமல், ஊசி போடாமல், கேப்பில் சிமெண்ட் நிரப்பி அப்படியே பல்மேல் அழுத்திவிடுவார்கள். தேவைப்பட்டால் சில நாள் முன்னால் பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் வைப்பார்கள். கேப் போட்ட பிறகு முதல் சில நாட்கள் கடிக்கும்போது உயரமாகத் தெரியும், தானாகச் சரியாகிவிடும். பல் விழுந்துவிடும்தானே என்று விட்டுவிடாதீர்கள், பின்பக்கப் பால்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை.

ராத்திரி பிரஷ் போடுவதை அவனிடம் விட்டுவிட முடியாது. 7, 8 வயது வரை பெரியவர்தான் தேய்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்து, அவன் தலையை உங்கள் தொடைமேல் சாய்த்து, மேலிருந்து பார்த்துக்கொண்டு தேயுங்கள்; இடது கை விரலால் கன்னத்தை விலக்கிப் பிடியுங்கள். மேலுதட்டைத் தூக்கும்போது நடுவில் ஒரு மெல்லிய சதைக் கயிறு தெரியும், உதட்டையும் ஈறையும் இணைப்பது. பிரஷ் அதில் இடித்தால் சுரீர் என்று வலிக்கும். பல குழந்தைகள் பிரஷ்ஷைக் கண்டு ஓடுவதற்கு அடம் காரணமல்ல, இந்தக் கயிறுதான். ஆள்காட்டி விரல் நுனியை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டு தேய்த்தால் சண்டை பாதி குறையும். அப்படியே மேல் முன்பற்களின் ஈறு ஓரத்தையும் பாருங்கள். சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாக இருந்தால் சொத்தையின் ஆரம்பம்; அந்த நிலையில் ப்ளூரைடால் திருப்ப முடியும்.

பேஸ்ட்டில் ப்ளூரைடு அளவு 1000 முதல் 1500 பிபிஎம் வரை என்று எழுதியிருக்க வேண்டும். பழ வாசனையும் கார்ட்டூன் படமும் உள்ள பல குழந்தைப் பேஸ்ட்களில் ப்ளூரைடே இருக்காது, டியூபைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு. இவன் வயதுக்குப் பட்டாணி அளவு. தேய்த்தபின் துப்ப வேண்டும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் ப்ளூரைடு போய்விடும். கரியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பல் தேய்ந்துபோகும், சொத்தையைத் தடுக்காது. ஆறு வயது வாக்கில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, நான்கு நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். பால்பல் என்று நினைத்துப் பலர் கோட்டைவிடுவது இவற்றைத்தான். முளைக்கும்போது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருக்கும், பிரஷ் மேலேயே ஓடிவிடும். பிரஷ்ஷைக் கன்னப் பக்கமிருந்து குறுக்காக நுழைத்துத் தேயுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்றைத் திருத்தச் சொன்னால், டீயைத்தான் சொல்வேன். இங்கே டீக்கடை டீயில் ஊற்றும் நோசி, அதாவது இனிப்புக் கட்டிப்பால், கிட்டத்தட்ட பாதி சர்க்கரை. சாயந்தரம் பெரியவர்கள் கிளாஸிலிருந்து இரண்டு வாய், அரை மணி கழித்து இன்னும் இரண்டு வாய் என்று குழந்தை குடிப்பது மொத்தமாக ஒரு கிளாஸ் குடிப்பதைவிடக் கெடுதல். ஒவ்வொரு வாய்க்கும் வாயில் அமிலம் ஏறும், எச்சில் அதை இறக்க அரை மணிக்கு மேல் ஆகும். இடைவெளியே விடாவிட்டால் பல் நாள் முழுக்க அமிலத்தில் ஊறும். குடிப்பதானால் டிபனோடு ஒரே தடவை குடிக்கட்டும். ராத்திரி பிரஷ் போட்ட பிறகு தண்ணீர் மட்டும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும்.

இனி மாமியார். வெற்றிலை போடுபவர்கள் பல் டாக்டர்களைத் தவிர்ப்பதற்கு ஊசி பாதிக் காரணம்தான். கறை படிந்த வாயைத் திறந்து காட்ட வெட்கமும், திட்டுவார்களோ என்ற கூச்சமும் மீதி. நீங்கள் முன்னால் போய், "வெற்றிலையைப் பற்றி முதல் நாளே எதுவும் சொல்லாதீர்கள்" என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் கை தூக்கும் விதி உண்டு, கூடவே ஒரு சொல்லும்: "கண". பர்மியத்தில் 'கொஞ்சம் பொறுங்கள்' என்பதற்கு அதுவே போதும். நம் கணம்தான் அது, அத்தைக்கு மறக்காது.

மயக்கம் உண்மையான விஷயம், மிகைப்படுத்தல் என்று நினைக்காதீர்கள். ஊசியைப் பார்த்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், நாற்காலியை நன்றாகச் சாய்க்கச் சொல்லுங்கள், ஊசி நேரத்தில் தொடை, வயிற்றுத் தசைகளை 10 விநாடி இறுக்கித் தளர்த்தட்டும். ஈறைத் துடைத்துக் காயவைத்து மரப்பு ஜெல்லைத் தடவி இரண்டு நிமிஷம் காத்திருந்தால் குத்துவது மிகக் குறைவாகத் தெரியும். அவசரத்தில் ஈரத்தின் மேலேயே தடவிவிட்டால் பயனில்லை. மருந்தை மெல்ல ஏற்ற வேண்டும், ஒரு குப்பிக்கு ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல். வலி பெரும்பாலும் வருவது ஊசிமுனையால் அல்ல, வேகமாகத் தள்ளும் மருந்தின் அழுத்தத்தால். மருந்தில் கொஞ்சம் அட்ரினலின் இருப்பதால் ஓரிரு நிமிஷம் நெஞ்சு படபடக்கலாம். முன்பே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டார். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வழக்கம்போல் போடட்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பயத்துக்கென்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போகவும் கூடாது.

ஆடும் பல்லைக் க்ளீன் செய்தால் இன்னும் ஆடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஈறுக்கு அடியில் கெட்டிப்பட்ட காரை, பல்லைத் தற்காலிகமாகக் கட்டிப்போட்டிருக்கும். அதை எடுத்ததும் சில நாள் ஆட்டமும் இடைவெளியும் தெரியும். பிறகு ஈறு இறுகும். காரையை விட்டால் எலும்பு கரைந்துகொண்டே போகும்.

அவருடைய வாயில் நீங்களே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்குகூட வாய்ப்புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் பதிவு செய்தது. குன்யாவை, அதாவது வெற்றிலைச் சுருளை, எந்தக் கன்னத்தில் அடக்கிவைப்பாரோ, அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் ஆட்டத்தை விடுங்கள், முதலில் அதைக் காட்ட வேண்டும். மிளகாய்க் காரம் திடீரென்று தாங்கவில்லை என்றாலும் அப்படியே. மாதம் ஒரு தடவை அவருடைய ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று விரலும் நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது என்றால் கன்னத்தின் உள்சதை இறுகத் தொடங்கிவிட்டது. அந்த வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள்.