வலையில் ஏறிய குழாய்க் கல்: மெதேன் உண்ணும் நுண்ணுயிர்களின் வேலையா?

கேள்வி: மூதூருக்கு அப்பால் ஆழத்தில் விரித்த வலையில், நடுவே துளையோடிய சாம்பல் நிறக் கல்லொன்று ஏறியது. உடைத்தபோது கூழ்முட்டை நாற்றம் வீசியது. முருகைக்கல் என்கிறார் வாப்பா; கடலடியில் வாயு இருப்பதன் அடையாளம் என்கிறார்கள் வேறு சிலர். எப்படி அறிவது?

பதில்: நாற்றத்தை மட்டும் வைத்து வாயு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் சேர்க்கும் சேற்றில் மக்கும் இலைதழைகளை உண்ணும் பற்றீரியாக்களும் அந்நாற்றத்தைத் தரும் ஐதரசன் சல்பைட்டைத்தான் வெளியிடுகின்றன.

கடலடி வாயு என்று பொதுவாகச் சொல்லப்படுவது மெதேன். அது கசியும் சேற்றில், ஒட்சிசன் எட்டாத ஆழத்தில், ஆர்க்கியா எனப்படும் நுண்ணுயிர்கள் கடல்நீரில் கரைந்துள்ள சல்பேற்றைப் பயன்படுத்தும் பற்றீரியாக்களோடு சிறு கொத்துகளாக ஒட்டி வாழ்ந்து மெதேனை உண்கின்றன. அமெரிக்காவின் ஒரிகன் கரைக்கு அப்பாலுள்ள சேற்றில் கண்ட இக்கூட்டு வாழ்வு 2000ஆம் ஆண்டில் ஆய்வுலகுக்கு அறிவிக்கப்பட்டது. நுட்பம் எங்கே இருக்கிறதென்றால், அதே மெதேனை ஒட்சிசனோடு உண்டால் காபனீரொட்சைட்டு உண்டாகி, நீர் அமிலமாகிச் சுண்ணக்கல்லைக் கரைக்கும். சல்பேற்றோடு உண்டாலோ இருகாபனேற்று பெருகிக் காரத்தன்மை கூட, கடல்நீரின் கல்சியம் அரகோனைற்று, மகனீசியம் மிகுந்த கல்சைற்று ஆகிய காபனேற்றுக் கனிமங்களாகப் படிந்து சேற்றுத் துகள்களைச் சீமெந்துபோல் இறுக்கிவிடும். கூடவே பிறக்கும் சல்பைட்டு இரும்போடு சேர்ந்து பைரைற்று என்ற கனிமமாகிறது. வாயு ஏறும் வழியைச் சுற்றிச் சேறு இறுகும்போது நடுவில் துளை எஞ்சுகிறது. ஒட்சிசனற்ற கருங்கடல் ஆழத்தில் இத்தகைய கற்கள் 4 மீற்றர் உயரம்வரை எழுந்துள்ளன. ஆனால் புழு துளைத்த வளையைச் சுற்றியும் சேறு இவ்வாறு இறுகக்கூடும் என்பதால், துளையும் தனியே சான்றாகாது.

வினாகிரி விட்டு நுரைத்தால் அது காபனேற்று என்று மட்டுமே தெரியும். முருகைக்கல்லும் சிப்பியும் அப்படித்தான் நுரைக்கும். உடைந்த முகத்தை நன்னீரில் கழுவி உருப்பெருக்கியால் பாருங்கள். நட்சத்திரம்போல் விரியும் மெல்லிய தகடுகள் தெரிந்தால் வாப்பா சொன்னதே சரி. ஒட்டிய சேற்று மணிகளுக்கிடையே கருமணிகள் இருந்து, அவை நாளடைவில் துருநிறமானால் மற்றவர்களின் ஊகம் வலுப்பெறும்.

உறுதிப்படுத்துவது காபன் சமதானிச் சோதனை; அதாவது, எடையில் வேறுபடும் காபன் அணுக்களின் விகிதத்தை ஆய்வுகூடத்தில் அளப்பது. மெதேனில் பாரமான காபன் 13 மிகக் குறைவு. கல்லில் அது வழக்கமான கடற்சுண்ணத்தைவிட ஆயிரத்துக்கு 30 பங்குக்கும் அதிகமாகக் குறைந்திருந்தால், அந்தக் காபன் மெதேனிலிருந்து வந்ததெனப் பெரும்பாலும் கொள்ளலாம். அப்போதும் அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் உருவான கல்லாக இருக்கலாம். இன்று அங்கே வாயு கசிகிறது என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. ஆகவே ஒரு துண்டை வினாகிரி படாமல் உலர்த்தி, வலை விரித்த இடத்தின் ஜிபிஎஸ் அளவையும் ஆழத்தையும் எழுதி அதனோடு வையுங்கள். அதே சேற்றை மறுபடி தேடிச் செல்ல அந்தக் குறிப்பு வேண்டும்.