போர்க்காலத்தில் ஆயுதம் வாங்குவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சண்டை நடக்கும்போது டெண்டர், ஒப்பீடு என்று இழுத்தடிக்க முடியுமா? நேரடியாக வாங்கிவிட வேண்டியதுதானே?

பதில்: நேரடியாக வாங்கலாம். ஆனால் விலையை மூடி வைக்கக் கூடாது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2022-ல் போர் மூண்டதும் உக்ரைன் இராணுவக் கொள்முதல் விவரங்களை வெளியிடுவதை நிறுத்தியது. 2023 ஜனவரியில் பத்திரிகை வழியாக, படையினருக்கான ஓர் உணவு ஒப்பந்தம் வெளியே வந்தது: கடையில் சுமார் 7 ஹிரிவ்னியாவுக்கு (உக்ரைன் நாணயம்) கிடைத்த முட்டைக்கு அதில் 17 போட்டிருந்தார்கள். ஏதோ கணக்குப் பிழை என்று பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது, மக்கள் கோபம் அடங்கவில்லை. அதன் பிறகுதான் உணவு, உடை போன்றவற்றின் விலையை வெளியிடும்படி சட்டம் மாறியது. எந்தப் படைப்பிரிவுக்கு எத்தனை குண்டு போகிறது என்பது ரகசியம்தான். முட்டை விலை தெரிந்து எதிரி என்ன செய்துவிடப் போகிறான்?

கேள்வி: அவசரத்தைப் பார்த்து கம்பெனிகள் கொள்ளை லாபம் வைத்தால்?

பதில்: முதலில் பொருளை வாங்கிவிட்டுக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். அதற்கு ஒப்பந்தத்திலேயே இடம் இருக்க வேண்டும். அமெரிக்கா 1942-ல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, அதிக லாபத்தைத் திரும்ப வாங்கியது. இன்னொன்று, செலவில் இத்தனை சதவீதம் லாபம் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். செலவு ஏற ஏற லாபமும் ஏறும் என்றால் யார் சிக்கனம் பார்ப்பார்கள்?

கேள்வி: ஐரோப்பாவிடம் பணம் இருந்தும் உக்ரைனுக்குக் குண்டு ஏன் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை?

பதில்: எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. 2023 மார்ச்சில், 12 மாதத்தில் 10 லட்சம் பீரங்கிக் குண்டு தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தபோது ஏறக்குறைய பாதிதான் போயிருந்தது. குண்டின் கூடு செய்வதற்கு எஃகும், அதை அடித்துக் கடையும் இயந்திரங்களும் போதும். உள்ளே போகும் வெடிமருந்துக்கும், அதை உந்தும் மருந்துக்கும் ஆலைகள் குறைவு. புதிய ஆலை கட்டி ஓட்டச் சில வருடங்கள் ஆகும். ஒரு வருட ஆர்டரை நம்பி எந்த முதலாளியும் அவ்வளவு பணத்தைப் போட மாட்டார். ஐந்து, பத்து வருடத்துக்கு வாங்குகிறோம், போர் நின்றாலும் வாங்குகிறோம் என்று அரசு கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் முன்னணியில் இருப்பவர்கள் குண்டை எண்ணி எண்ணிச் சுடுகிறார்கள்.

கேள்வி: களத்தில் இருப்பவர் கேட்பது மேலே போய்ச் சேர என்ன வழி?

பதில்: பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள், அவர் நேராக அமைச்சரிடம் பேசட்டும். ஈராக்கில் இருந்த அமெரிக்க மரைன் படையினர் கண்ணிவெடி தாங்கும் 1,169 வண்டிகள் வேண்டும் என்று 2005 பிப்ரவரியிலேயே எழுதிக் கேட்டார்கள். கோப்பு நகரவில்லை. 2007 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் இதுதான் முதல் வேலை என்று அறிவித்த பிறகு வண்டிகள் ஆயிரக்கணக்கில் போயின. பல கம்பெனிகளிடம் ஒரே சமயத்தில் வாங்கியதால் வேகம் கிடைத்தது. அப்புறம் வண்டிக்கு ஒரு மாதிரி உதிரிபாகம் என்று பழுதுபார்ப்பவர்கள் திண்டாடினார்கள். வேகத்துக்காக அந்தத் திண்டாட்டத்தை ஏற்றது சரி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ட்ரோன்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ட்ரோனை இயக்கும் ரேடியோ அலைவரிசையை எதிரி முடக்கினால் கிடங்கில் இருப்பது வீணாகும். சிறு சிறு தொகுதியாக வாங்குங்கள், நடுவில் வடிவமைப்பை மாற்ற ஒப்பந்தத்தில் இடம் விடுங்கள்.

கேள்வி: சோதனையைக் குறைத்தால் இன்னும் சீக்கிரம் வருமே?

பதில்: காகிதச் சோதனையைக் குறையுங்கள், வெடித்துப் பார்ப்பதைக் குறைக்காதீர்கள். நீருக்கடியில் ஓடிப் போய்க் கப்பலைத் தாக்கும் அமெரிக்காவின் மார்க் 14 டார்பிடோ விலை அதிகம் என்பதால் அமைதிக் காலத்தில் அதைச் சரியாக வெடித்துச் சோதிக்கவில்லை. 1941 டிசம்பரில் போருக்குள் போனபோது அது குறித்த ஆழத்துக்குக் கீழே ஓடியது, கப்பலில் மோதியும் வெடிக்காமல் போனது. பிழைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்க 1943 செப்டம்பர் ஆகிவிட்டது. அதுவரை மாலுமிகள் அதை வைத்துத்தான் சண்டை போட்டார்கள்.