தூங்கிய பின் திருத்திய விடை

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன், தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாக மாற்றும்போது, வகுத்தலைச் சரியாகச் செய்துவிட்டு விடையைத் தவறாக எழுதுகிறான். 17/5 என்பதை 3 2/3 என்கிறான். ஆசிரியர் திட்டுவாரே என்று, அவன் தூங்கிய பின் நானே அழித்துத் திருத்தி வைக்கிறேன். அவனுக்குக் கணக்கு வராதோ?

பதில்: அவனுக்குக் கணக்கு வருமா, வராதா என்பது இருக்கட்டும். "அவன் தூங்கிய பின் நானே அழித்து" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். காலையில் நோட்டைத் திறக்கும் பிள்ளைக்குத் தாயின் கையெழுத்து தெரியாமலா போகும்? தெரிந்தும் அவன் கேட்கவில்லை என்றால், தன் கணக்கை முடிப்பது அம்மாவின் வேலை என்று பழகிவிட்டான் என்றே கொள்ள வேண்டும். வீட்டுப்பாடத்தில் பெற்றவரின் கடமை, பிள்ளை விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்காருவதோடு முடிகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆசிரியர் திட்டினால் திட்டட்டும்.

நீங்கள் அழித்தது எதை என்று பாருங்கள். 17-ஐ 5-ஆல் வகுத்து, ஈவு 3, மீதி 2 என்று சரியாகக் கண்டவன், அந்த ஈவை முழு எண்ணாக முன்னால் எழுதியதோடு நில்லாமல், அதையே பகுதியாகவும் கீழே வைத்துவிட்டான். பிழை அந்த ஓர் இடத்தில்தான். 17/5 என்பது ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள 17 துண்டுகள். அவற்றை ஐந்தைந்தாகச் சேர்த்தால் 15 துண்டுகள் மூன்று முழுமைகளாகிவிட, எஞ்சும் இரண்டும் அதே ஐந்தில் ஒரு பங்குத் துண்டுகளே அல்லவா? அவை எப்படி மூன்றில் ஒரு பங்காக மாறும்? எல்லாக் கணக்கிலும் ஈவே பகுதியாக நிற்பதைப் பார்த்திருந்தால், ஆசிரியர் ஒரே நொடியில் இதைப் பிடித்திருப்பார். அந்தத் தடயத்தைத்தான் இரவோடு இரவாகத் துடைத்துவிட்டீர்கள்.

நாளை மாலை, திருத்தியது நீங்கள்தான் என்று அவனிடம் சொல்லிவிட்டு, 3 2/3-ஐ அவனையே தகா பின்னமாகத் திருப்பச் சொல்லுங்கள். மும்மூன்று ஒன்பது, இரண்டைக் கூட்டினால் 11. ஆக 11/3 வருமே தவிர, 17/5 வராது. பகுதியில் 5-ஐ வைத்துப் பார்க்கட்டும்: மூவைந்து பதினைந்து, இரண்டைக் கூட்டினால் 17. அதன் பிறகு, மீதியே வராத 20/5-ஐக் கொடுத்து, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருங்கள். 4 0/4 என்று எழுதினால், அதையும் அப்படியே ஆசிரியரிடம் போகவிடுங்கள்.