துப்பாக்கி உரிமை அமைப்புகளில் எதற்குப் பணம் கொடுப்பது? – கேள்வி பதில்

அமெரிக்காவில் வாழ்ந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர்கள் சிலர், துப்பாக்கி உரிமை அமைப்புகளில் எவற்றில் உறுப்பினராவது, எவற்றுக்கு நன்கொடை தருவது என்று கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். லாப நோக்கமற்ற நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். ஆகவே என் பார்வை எப்போதும் முழக்கத்தைவிடக் கணக்கேட்டின் பக்கமே சாயும்.

கேள்வி (டல்லாஸ்): சென்ற மாதம்தான் முதல் கைத்துப்பாக்கி வாங்கினேன். கடைக்காரர் தேசிய ரைபிள் சங்கமான என்.ஆர்.ஏ.வில் சேரச் சொன்னார். உடன் வேலை செய்பவர் அதைத் தவிர எதில் வேண்டுமானாலும் சேருங்கள் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

அமைப்பின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் பணம் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். இந்தத் துறையில் நடக்கும் வேலைகளைப் பெரும்பாலும் நான்காகப் பிரிக்கலாம்: நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவது, சட்டமன்றங்களில் லாபி செய்வது (உறுப்பினர்களைத் தம் பக்கம் இணங்கவைக்க முயல்வது), தேர்தலில் வேட்பாளர்களை ஆதரிப்பது, பயிற்சியும் பாதுகாப்புக் கல்வியும் தருவது. எல்லா அமைப்புகளும் நான்கையும் செய்வதாகவே கடிதம் எழுதும். ஆனால் வரிச் சட்டத்தில் ஓர் அமைப்பு எந்தப் பிரிவில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பாதி உண்மை புலப்பட்டுவிடும். 501(சி)(3) பிரிவில் இருப்பது அறக்கட்டளை. அது வழக்கு நடத்தலாம், கல்வி தரலாம், ஓரளவுக்கு மேல் லாபி செய்யக் கூடாது, வேட்பாளரை ஆதரிக்கவே கூடாது. அதற்குத் தரும் நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு. 501(சி)(4) பிரிவில் இருப்பது தாராளமாக லாபி செய்யலாம், தேர்தலிலும் ஓரளவு இறங்கலாம்; அதற்குத் தரும் சந்தாவுக்கும் நன்கொடைக்கும் வரிவிலக்கு இல்லை.

பெரிய அமைப்புகள் பெரும்பாலும் இரட்டையாகவே இயங்குகின்றன. தேசிய ரைபிள் சங்கமான என்.ஆர்.ஏ. (சி)(4), அதன் ஃபவுண்டேஷன் (சி)(3). கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா (சி)(4), கன் ஓனர்ஸ் ஃபவுண்டேஷன் (சி)(3). ஆயுத உரிமை பற்றிய அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தின் பெயரைத் தாங்கிய செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன் (சி)(3). அதன் உடன்பிறப்பான சிட்டிசன்ஸ் கமிட்டி (சி)(4). எனவே காசோலை எழுதும் முன் எந்தப் பெயருக்கு எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): என்.ஆர்.ஏ. மீது நியூயார்க்கில் நடந்த வழக்குக்குப் பிறகு அதற்குப் பணம் தருவது சரிதானா?

நிதானமாகச் சொல்ல வேண்டிய விடை இது. 1871-இல், உள்நாட்டுப் போரில் தம் வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடவே தெரியவில்லை என்று வருந்திய வடபுலப் படை அதிகாரிகள் இருவர் தொடங்கிய சங்கம் அது. நூறு ஆண்டுகள் முதன்மையாகப் பயிற்சி, போட்டி, வேட்டை என்றே இருந்தது. 1977-இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இரவோடு இரவாகத் தலைமையை மாற்றினார்கள்; அன்றிலிருந்துதான் அரசியல் அதன் முதல் வேலையாயிற்று. அந்த மாற்றத்தை உறுப்பினர்களின் வாக்கே செய்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1991 முதல் சங்கத்தை நடத்திய வெய்ன் லாபியர், தனி விமானப் பயணங்களுக்கும் விலையுயர்ந்த உடைகளுக்கும் சங்கப் பணம் செலவான விவகாரத்தில் சிக்கினார். நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2020-இல் வழக்குத் தொடுத்தார். 2021-இல் சங்கம் டெக்சாஸில் திவால் மனு போட, அது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதல்ல என்று கூறி நீதிபதி தள்ளுபடி செய்தார். 2024 ஜனவரியில் லாபியர் பதவி விலகினார்; அடுத்த மாதமே ஜூரி, அவர் சங்கத்துக்கு 54 லட்சம் டாலர் இழப்பு ஏற்படுத்தினார் என்று தீர்ப்பளித்தது. அவர் ஏற்கெனவே திருப்பிக் கட்டியது போக எஞ்சியதைக் கட்ட வேண்டியதாயிற்று. சந்தா வருவாய் 2018-இல் இருந்த அளவில் பாதிக்கும் கீழே இறங்கியது. உறுப்பினர்கள் காலால் வாக்களித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகும், அதை முற்றாகக் கைகழுவச் சொல்ல எனக்கு மனம் இல்லை. நாடு முழுவதும் அதன் சான்று பெற்ற பயிற்றுநர்கள் இருக்கிறார்கள்; பல மாநிலங்களில் உரிமத்துக்கான வகுப்பை அவர்களே நடத்துகிறார்கள். 2022-இல் வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமையை உறுதிசெய்த புருவன் வழக்கு, அதன் நியூயார்க் மாநிலக் கிளைச் சங்கம் தொடுத்து, என்.ஆர்.ஏ. துணையோடு நடந்தது. என் நிலை இதுதான்: பயிற்சிக்கோ, சுடும் பயிற்சிக்களமான ரேஞ்சில் சேர்வதற்கு அவசியம் என்பதாலோ ஆண்டுச் சந்தா கட்டுவதில் தவறில்லை, அதற்கு மேல் நன்கொடை தருவதானால் 2024-க்குப் பிந்தைய கணக்குகளைப் பார்த்துவிட்டுத் தாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள். தொடர்ந்து ஐந்தாண்டு உறுப்பினராக இருப்பவர்களுக்கும் ஆயுள் உறுப்பினர்களுக்கும்தான் இயக்குநர் குழுத் தேர்தலில் வாக்கு உண்டு. உள்ளிருந்து திருத்த வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சந்தாவை இடைவெளியின்றிக் கட்டிவர அது ஒரு நியாயமான காரணம்.

கேள்வி (சியாட்டில்): எல்லா அமைப்பும் "நாங்கள்தான் உச்ச நீதிமன்றத்தில் வென்றோம்" என்கின்றன. யார்தான் வென்றது?

நல்ல கேள்வி, இதற்கு விடை தேடத் தெரிந்தவர் பாதி ஏமாற்றங்களிலிருந்து தப்பித்துவிடுவார். 2008-இல் தனிமனிதரின் துப்பாக்கி உரிமையை 5-4 என்ற கணக்கில் ஏற்ற ஹெல்லர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எந்தப் பெரிய துப்பாக்கி அமைப்பும் தொடங்கவில்லை. கேட்டோ என்ற கொள்கை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் லெவி என்பவர் தம் சொந்தப் பணத்தில் நடத்தினார். அவரோ துப்பாக்கியே வைத்திருக்காதவர். வாதாடிய ஆலன் குரா அதுவரை உச்ச நீதிமன்றத்தில் வாதாடியிராத இளைஞர். தோற்றால் உரிமையே போய்விடும் என்று அஞ்சிய என்.ஆர்.ஏ., தொடக்கத்தில் தான் ஆதரித்த இன்னொரு வழக்கோடு இதை இணைக்கப் பார்த்தது. பின்னர்தான் ஆதரவு மனு தாக்கல் செய்தது. 2010-இல் அந்த உரிமையை மாநிலங்களுக்கும் விரித்த மெக்டொனால்டு வழக்கைச் செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன், இல்லினாய்ஸ் மாநில ரைபிள் சங்கத்தோடு சேர்ந்து தொடுத்தது. 2024-இல், துப்பாக்கியை மிக வேகமாகத் தொடர்ந்து சுடவைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற துணைக்கருவி மீதான தடையை நீக்கிய கார்கில் வழக்கை நடத்தியது நியூ சிவில் லிபர்ட்டீஸ் அலையன்ஸ். அது துப்பாக்கி அமைப்பே அல்ல, அரசுத் துறைகளின் அதிகார மீறலை எதிர்க்கும் அமைப்பு.

ஆகவே, வெற்றியை அறிவிக்கும் மின்னஞ்சல் வந்ததும் வழக்கின் தலைப்பைத் தேடிப் பாருங்கள். அந்த அமைப்பு வாதியா, வழக்கறிஞர் கட்டணம் தந்ததா, அல்லது கடைசியில் ஒரு ஆதரவு மனுவை மட்டும் போட்டதா? மூன்றுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. இன்னொன்றையும் நன்கொடைக் கடிதங்கள் சொல்வதில்லை: 1976-இல் வந்த சட்டம் ஒன்றின்படி, குடிமை உரிமை வழக்குகளில் வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தைத் தோற்ற அரசு தர வேண்டும். ஹெல்லர் வழக்குக்காக மட்டும், அதில் தோற்ற வாஷிங்டன் நகரம் 10 லட்சம் டாலருக்கு மேல் கட்ட உத்தரவாயிற்று. வழக்கு நடத்தும் அமைப்புக்குத் தரும் பணம் சில வேளைகளில் திரும்பி வந்து அடுத்த வழக்குக்கு உதவுகிறது. தேர்தலுக்குத் தரும் பணம் நவம்பரோடு கரைந்துவிடுகிறது.

கேள்வி (சிகாகோ): கணக்கைப் பாருங்கள் என்கிறீர்கள். எங்கே, எப்படிப் பார்ப்பது?

வரித்துறைக்கு அவை ஆண்டுதோறும் தரும் படிவம் 990 பொது ஆவணம். ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் நடத்தும் இலவசத் தேடுதளத்தில் அமைப்பின் பெயரைத் தட்டினாலே கிடைக்கும். அமைப்பிடமே கேட்டாலும் கடைசி மூன்றாண்டுப் படிவங்களைத் தர அவை கடமைப்பட்டவை. நூறு பக்கம் இருந்தாலும் நான் முதலில் திறப்பது மூன்றே இடங்களைத்தான். ஏழாம் பகுதியில் தலைவர்களின் சம்பளம் இருக்கும். ஒன்பதாம் பகுதியில் செலவு மூன்று பத்திகளாகப் பிரிந்திருக்கும்: திட்டம், நிர்வாகம், நிதி திரட்டல். மூன்றாவது இடம் அட்டவணை 'எல்'. இயக்குநர்களுக்கும் அவர்களின் உறவினர்களுக்கும் அவர்களின் நிறுவனங்களுக்கும் அமைப்பு பணம் கொடுத்திருந்தால் அங்கேதான் எழுத வேண்டும். தலைவரின் குடும்பத்தார் நடத்தும் அச்சகத்துக்கோ விளம்பர நிறுவனத்துக்கோ ஆண்டுதோறும் பெருந்தொகை போகிறது என்றால் அது தன்னளவில் குற்றம் அல்ல. ஆனால் சந்தைவிலை ஒப்பிடப்பட்டதா என்று கேட்டு எழுதுங்கள். பதில் வருகிறதா, எப்படி வருகிறது என்பதே உங்களுக்குப் பலவற்றைச் சொல்லும்.

ஓர் எச்சரிக்கை. நிதி திரட்டும் கடிதத்திலேயே கொஞ்சம் 'கல்வி' வாசகத்தைச் சேர்த்து, அச்சுச் செலவில் ஒரு பகுதியைத் திட்டச் செலவாகக் காட்டக் கணக்கியல் விதிகள் இடம் தருகின்றன. ஒன்பதாம் பகுதியின் அடியில் 'கூட்டுச் செலவு' என்றொரு வரி இருக்கும். அதில் பெரிய எண் இருந்தால், திட்டச் செலவு விகிதத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): இங்கே சட்டம் மிகக் கடுமை. தேசிய அமைப்பா, மாநில அமைப்பா?

மாநில அமைப்பு. உங்கள் அன்றாடத்தைத் தொடும் விதிகள் பெரும்பாலும் வாஷிங்டனில் எழுதப்படுவதில்லை. புருவன் தீர்ப்புக்குப் பிறகு 2022 டிசம்பரில் நியூ ஜெர்சி, துப்பாக்கி எடுத்துச் செல்லக் கூடாத இடங்களின் பட்டியலை நீட்டி, உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தியபோது, ரைபிள் அண்ட் பிஸ்டல் கிளப்களின் மாநிலச் சங்கம் உடனே வழக்கை ஆதரித்து நின்றது. தேசிய அமைப்புகள் ஆதரித்த இன்னொரு வழக்கும் இதுவும் பிறகு ஒன்றாக இணைக்கப்பட்டன. நான் வாழும் வர்ஜீனியாவில் சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக் என்ற சிறிய மாநில அமைப்பு, 2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்ட் நகரில் ஏறத்தாழ 22,000 பேரைத் திரட்டியது. அடுத்த மாதமே, தாக்குதல் வகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் மசோதா, ஆளுங்கட்சியினர் சிலரே எதிர்த்ததால் செனட் குழுவிலேயே நின்றுபோயிற்று. இத்தகைய அமைப்புகளில் சம்பளம் வாங்குவோர் மிகச் சிலர். உங்கள் 50 டாலருக்கு அங்கே இருக்கும் எடை தேசிய அமைப்பில் இராது.

கேள்வி (சான் ஹோசே): நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நன்கொடை தரலாமா?

நன்கொடைக்கு முன் அதைவிட முக்கியமானது ஒன்று. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. நடப்பிலுள்ள வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பது'தான். 2022 முதல் தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம், நாடு கடத்தலும் வரலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, (சி)(3) அறக்கட்டளைக்குத் தருவதற்குத் தடை ஏதும் இல்லை. தேர்தல் நிதிக்குழுக்களான பேக்-களுக்கு நீங்கள் ஒரு டாலரும் தரக் கூடாது. அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. (சி)(4) அமைப்புகள் தேர்தலிலும் செலவிடுவதால், கிரீன் கார்டு வரும்வரை அவற்றையும் தவிர்ப்பதே நலம்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): கொடுத்தது அலுவலகத்துக்குத் தெரியவருமா?

பேக்-குக்கு ஓராண்டில் 200 டாலருக்கு மேல் தந்தால் உங்கள் பெயரும் வேலை செய்யும் நிறுவனமும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில், எவரும் தேடக்கூடிய வகையில், இடம்பெறும். (சி)(3), (சி)(4) அமைப்புகள் நன்கொடையாளர் பெயரைப் பொதுவில் வெளியிட வேண்டியதில்லை. நீங்கள் தருவதற்கு ஈடாக அலுவலகமும் தரும் இணை நன்கொடைத் திட்டத்தில் விண்ணப்பித்தால் மட்டும் மனிதவளத் துறைக்குத் தெரியும்; அது நீங்களே சொல்வது.

கேள்வி (பாஸ்டன்): துப்பாக்கி வைத்திருக்கிறேன், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணிச் சோதனையையும் ஆதரிக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா?

பெரிய அமைப்புகளில் முழுமையான இடம் இல்லை என்பதே நேர்மையான விடை. ஆனால் அவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. சோதனைத் தரவுத்தளத்துக்குத் தகவல் ஒழுங்காக வரச் செய்யும் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தை என்.ஆர்.ஏ. ஆதரித்தது, 'சமரசமே இல்லை' என்பதைக் கொள்கையாகக் கொண்ட கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா எதிர்த்தது. லிபரல் கன் கிளப் என்ற அமைப்பு உங்கள் மனநிலைக்கு நெருக்கமாக இருக்கலாம். சட்டப் போரே வேண்டாம் என்றால், கோடிக்கணக்கான துப்பாக்கிப் பூட்டுகளை இலவசமாக வழங்கியுள்ள ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப் போன்ற பாதுகாப்புத் திட்டங்களுக்குத் தாருங்கள். அதைத் தொடங்கி நடத்துவது துப்பாக்கித் தொழிலின் வணிகச் சங்கம் என்பதால் முகம் சுளிக்க வேண்டியதில்லை, பூட்டு பூட்டுதான்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): யு.எஸ்.சி.சி.ஏ. உறுப்பினராக இருக்கிறேன். அது போதாதா?

அது பயிற்சியும், தற்காப்பு வழக்குகளுக்கான காப்பீட்டுப் பயனும் விற்கும் லாப நோக்குள்ள தொழில். பயன்படலாம், ஆனால் அதற்குக் கட்டும் பணம் நீங்கள் வாங்கும் சேவைக்கான விலையே தவிர, உரிமைக்கான நன்கொடை என்று எண்ண வேண்டாம்.

கேள்வி (ராலே): ஆண்டுக்கு 150 டாலர்தான் ஒதுக்க முடியும். நீங்களாக இருந்தால் எப்படிப் பிரிப்பீர்கள்?

பாதியை மாநில அமைப்புக்கு. மீதியை வழக்கு நடத்தும் ஒரே ஒரு (சி)(3)க்கு: செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன், அல்லது ஃபயர்ஆர்ம்ஸ் பாலிசி கோயலிஷனோடு இணைந்த ஆக்‌ஷன் ஃபவுண்டேஷன், இரண்டில் எது உங்கள் மாநிலத்தில் வழக்கு நடத்துகிறதோ அதற்கு. ஐந்து அமைப்புகளுக்கு முப்பது முப்பதாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் உங்களுக்கு ஆண்டு முழுதும் அனுப்பும் கடிதங்களின் அஞ்சல் செலவிலேயே அது போய்விடும். வரிச்சலுகைக்காக மட்டும் (சி)(3)யைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். செலவுகளைத் தனித்தனியே காட்டாமல் நிலையான கழிவை எடுப்பவர்களுக்கு 2022 முதல் 2025 வரை அதனால் பயன் இருக்கவில்லை, 2026 வரி ஆண்டிலிருந்துதான் அவர்களும் தனிநபருக்கு 1,000 டாலர் வரை அறக்கொடையைக் கழிக்க முடிகிறது. ஆயுள் உறுப்பினர் தள்ளுபடிக்கு முதலாண்டில் மயங்காதீர்கள். 'தானாகப் புதுப்பி' என்ற கட்டத்தில் இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு புதிய 990 வந்த பிறகு நீங்களே முடிவு செய்து கட்டிக்கொள்ளலாம்.