நந்தா புகுந்த வீடு போகிறாள்

அன்புள்ள அக்கா,

போன செப்டம்பரில் உத்தராகண்டின் சமோலி மாவட்டத்துக்குப் போயிருந்தோம். வழியில் ஒரு கிராமத்திலிருந்து நந்தா தேவியின் பல்லக்கு கிளம்பியபோது பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். சாமி ஊர்வலத்தில் எதற்கு அழுகை? எங்கள் வழிகாட்டி, "அது சடங்கு, வருஷா வருஷம் அழுவார்கள்" என்றார். வருஷா வருஷம் அழுதால் அது உண்மையான அழுகையா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

நீங்கள் பார்த்தது லோக் ஜாத். ஜாத் என்றால் யாத்திரை. ஆண்டுதோறும் குருட் கிராமத்துக் கோயிலிலிருந்து பல்லக்கு கிளம்பி, ஊர் ஊராகத் தங்கி, பேத்னி புக்யால் வரை போகும். மரங்களெல்லாம் முடிந்துபோன உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளியைத்தான் அங்கே புக்யால் என்கிறார்கள். திரும்பும்போது நந்தா தேவராடாவில் ஆறு மாதம் தங்குவாள். அது அவளுக்குத் தாய்மாமன் ஊர்.

தாய்மாமன் ஊர் என்றேன் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணை அந்தப் பக்கத்து மொழியான கடுவாலியில் 'தியாணி' என்பார்கள், பிறந்த வீட்டை 'மைத்' என்பார்கள். நந்தா அந்த மலைக்கே தியாணி. புருஷன் சிவன், புகுந்த வீடு கைலாசம். பிறந்த வீட்டுக்கு வந்தவளை ஊரே திருப்பி அனுப்பிவைக்கிறது. வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? பல்லக்கு வாசலுக்கு வந்ததும் வளையல், பொட்டு, துப்பட்டா, அவல், அப்போதுதான் விளைந்த மக்காச்சோளம் என்று கொண்டுவந்து வைப்பார்கள். நான் போயிருந்த வருஷம் ஒரு பாட்டி தன் தோட்டத்து வெள்ளரிக்காயை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பல்லக்கில் வைத்தார். எனக்கு இதைக் கொடு, அதைக் கொடு என்று அவர் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. காயை வைத்துவிட்டுப் பல்லக்கின் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

இரவில் ஜாகர் பாடுவார்கள், சாமியை வரவழைத்து அதன் கதையைச் சொல்லும் பாட்டு. அதில் நந்தா புலம்புவாள்: கைலாசத்தில் ஒரே பனி, பேச்சுத்துணைக்கு ஆளில்லை, பிறந்த வீட்டார் என்னை மறந்துவிட்டார்கள். கேட்கிற பெண்களில் அநேகம் பேர் ஒரு மலைமுகட்டைத் தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். புல் அறுப்பது, விறகு சுமப்பது, வயல், மாடு எல்லாம் அவர்கள் தலையில்தான். ஆண்கள் பலர் பிழைப்புக்காகச் சமவெளிக்குப் போய்விட்டார்கள். மாமியார் வீட்டில் காரணமில்லாமல் அழுதால் ஏனென்று கேட்பார்கள். பல்லக்கின் முன்னால் அழுதால் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு நாளை அவர்களுக்குச் சடங்குதான் வாங்கித் தருகிறது. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: உண்மையான அழுகைதான். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. திவசத்தன்று நாம் அழுவதில்லையா?

இதன் பெரிய வடிவம் ராஜ் ஜாத். நௌட்டி கிராமத்திலிருந்து மலைமேலுள்ள ஹோம்குண்ட் ஏரிக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 280 கிலோமீட்டர், மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கு. ஆனால் 1968, 1987, 2000, 2014 என்றுதான் நடந்திருக்கிறது, மலை கணக்குப் பார்ப்பதில்லை. நான்கு கொம்புள்ள ஒரு செம்மறிக் கடா சீர்ப்பொருட்களை முதுகில் சுமந்துகொண்டு கூடவே நடக்கும். கடைசி ஊரான வாணிலிருந்து நந்தாவின் தம்பி லாட்டு தேவதா முன்னே வழிகாட்டிப் போவார். அக்காவைக் கொண்டுபோய் விடத் தம்பி போவதுதானே முறை. ஹோம்குண்டில் பூசை முடிந்ததும் கடாவை அவிழ்த்து விடுவார்கள். அதற்கு மேல் அது தனியாகப் போக வேண்டும். நாள் கணக்கில் கூட நடந்தவர்கள் அதைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

உங்கள் வழிகாட்டி அந்தப் பக்கத்துக்காரர் என்றால், அவருடைய அக்கா தங்கைகளை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள் என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா