உயரமான மரம், எட்டாத காய்: மலையகத்து வீட்டுத் தோட்டக் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆனைக்கொய்யாவை (அவகாடோ) பற்றித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹட்டன்: அக்கா, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால ஆனைக்கொய்யா மரம் முப்பது அடிக்கு மேல நிக்குது. பழுத்து விழட்டும்னு இருந்தா, விழுறதெல்லாம் அழுகிப் போகுது. எப்பத்தான் பறிக்கிறது?

ஆனைக்கொய்யா மரத்தில் இருக்கும்வரை பழுக்காது தம்பி. பறித்த பிறகுதான் பழுக்கும். விழுந்த காய் உள்ளே கன்றியிருக்கும், அந்த இடத்திலிருந்தே கறுத்து அழுகும். பெரிய காயாகப் பார்த்து ஒன்றைப் பறித்து வீட்டுக்குள் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் தோல் சுருங்காமல் இளகினால் மற்றதையும் இறக்கலாம். சுருங்கி ரப்பர் மாதிரி ஆனால் இன்னும் முற்றவில்லை. வெட்டிப் பார்த்தாலும் தெரியும்: கொட்டையின் மேல்தோல் வெளுத்துச் சதைப்பற்றாக இருந்தால் பிஞ்சு, கபில நிறமாகிக் காய்ந்திருந்தால் முற்றல். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் இளக இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். அவசரம் என்றால் வாழைப்பழத்தோடு சேர்த்துக் கடதாசிப் பையில் கட்டி வையுங்கள்.

காம்பை மட்டும் பிய்த்துவிடாதீர்கள். கால் அங்குலமாவது விட்டு வெட்டணும். காம்பு பிடுங்கிய குழி வழியாக அழுகல் சுலபமாக இறங்கிவிடும்.

பண்டாரவளை: தொரட்டியால இழுத்தா காய் கீழே விழுந்து அடிபடுது. வேற வழி?

தொரட்டி வெட்டும், ஏந்தாது. அதன் வாய்க்குக் கீழே ஒரு பை வேண்டும். தடித்த கம்பியை வளையமாக வளைத்து, உரப்பையை வெட்டி ஒரு முழ ஆழத்துக்குத் தைத்து மாட்டுங்கள். வளையத்தின் மேல் விளிம்பில் சின்னக் கத்தி அலகு ஒன்றை இறுக்கிக் கட்டினால் காம்போடு அறுத்துப் பைக்குள் போடும். இரண்டு மூன்று காய்க்கு மேல் சேர்க்காமல் இறக்குங்கள். முனையில் பாரம் ஏறினால் தொரட்டியின் மூங்கில் கழி ஆட ஆரம்பிக்கும், பிறகு பக்கத்துக் காய்களையும் தட்டிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். லயத்துக்கு வரும் மின்கம்பி கிளைக்குப் பக்கத்தில் போனால் அந்தப் பக்கத்துக் காயை விட்டுவிடுங்கள். அலுமினியக் குழாய் வேண்டவே வேண்டாம். ஈர மூங்கிலிலும் மின்சாரம் பாயும், நம்ம மழைக்கு மூங்கில் எப்போது காய்ந்திருக்கிறது? மின்சார சபைக்கு அறிவித்து அவர்களைக் கொண்டே கிளையை வெட்ட வையுங்கள்.

பசறை: எங்க அப்பா காலத்துல எல்லாம் ஏறித்தான் பறிச்சாங்க. இப்ப ஏறினா என்ன?

எந்த மரம் என்பதுதான் கேள்வி. பலாக் கிளை ஆளைத் தாங்கும். ஆனைக்கொய்யாக் கிளை பச்சையாக இருக்கும்போதே சொல்லாமல் முறியும், அதில் யாரையும் ஏற்றாதீர்கள். மழை விட்ட மறுநாள் பட்டையெல்லாம் பாசி, எந்த மரமும் வழுக்கும்.

அதைவிடப் பெரிய பயம் குளவி. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் குளவி கொட்டி உயிர் போன கதை நமக்குப் புதுசு இல்லை. அதே கூடு பழமரத்து உச்சியிலும் தொங்கும், மரத்தின் நடுவில் நிற்கிறவன் எங்கே ஓடுவான்? ஏறுவதற்கு முன் நாலு பக்கமும் நின்று அண்ணாந்து பாருங்கள். கூடு தெரிந்தால் கல்லெறியவோ புகை போடவோ வேண்டாம்.

ஏணி வைப்பதானால் சரிவில் மேட்டுப் பக்கமாக வையுங்கள். இரண்டு காலும் ஒரே மட்டமாக நிற்க மண்ணைக் கொத்திப் படி எடுத்து, தலைப்பை மரத்தோடு கயிற்றால் கட்டிவிடுங்கள்.

கம்பளை: நாற்பது அடி உயரத்தில் பலாக்காய். முற்றியதா என்று எப்படி அறிவது? உடையாமல் இறக்குவது எப்படி?

முள் மழுங்கி, ஒன்றுக்கொன்று விலகியிருக்கும். காம்பை ஒட்டிய இலை மஞ்சளாகும். தட்டினால் மந்தமான சத்தம் வரும். இது பழத்துக்கு. கறிக்கு அதற்கு முன்னரே, பொலஸ் என்ற பிஞ்சுப் பலாக் கறிக்கு இன்னும் பிஞ்சிலேயே.

காம்பில் கயிற்றை முடிந்து, மேல் கிளை ஒன்றின் மேலாகப் போட்டு, கீழே ஒருவர் இழுத்துப் பிடித்த பிறகே வெட்டணும். பிடிக்கிறவர் காய்க்கு நேர் கீழே நிற்கக் கூடாது. கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். இறக்கியதும் காம்பு கீழே பார்க்கச் சாய்த்து வைத்தால் பால் வடிந்துவிடும்.

உயரம் தொல்லை என்று மரத்தையே தறிக்க நினைத்தால் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது.

மாத்தளை: கராம்பு எப்போது?

மொட்டு பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும்போது, விரிவதற்கு முன். விரிந்தால் விலை போகாது. கொத்தோடு கிள்ளுங்கள், கிளையை முறிக்க வேண்டாம்.

வெலிமடை: பேரிக்காய்?

காயை மெதுவாகத் தூக்கிக் கிடையாகப் பிடியுங்கள். காம்பு தானாகக் கழன்றால் முற்றிவிட்டது.

ஹாலிஎல: எங்க ஆனைக்கொய்யாக் கன்றுக்கு மூனு வயசு. உயர விடாம வளர்க்கலாமா அக்கா?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்கணும் தங்கச்சி. நடுத்தண்டின் நுனியை இப்போதே கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை பிரியும். பிறகு ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் மேலே நீட்டுவதை வெட்டி, 15 அடிக்குள் வைத்திருந்தால் குட்டைத் தொரட்டியே போதும். ஆனால் தேயிலைக்குக் கவாத்து வெட்டிய கை இங்கே கொஞ்சம் அடங்கணும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் மூடியிருந்த பட்டையில் வெயில் சுட்டு வெடிக்கும். வெயில் படும் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். மரம் தோட்டக் காணியில் நின்றால் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தலவாக்கலை: நாங்க பறிக்கிறதுக்குள்ள குரங்கு முந்திக்குது.

தகரக் கூரைக்கு மேலே சாயும் கிளையை முதலில் எடுங்கள், குரங்குக்கு அதுதான் பாதை. முற்றிய ஆனைக்கொய்யாவை மரத்திலேயே விட்டுவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிப்பது மற்ற இடத்துக்குச் சரி, உங்களுக்குச் சரிவராது. சோதனைக் காய் இளகியதும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.